கேட்பதும் ஒப்படைப்பதும்

மருத்துவரிடம் கேட்கப்படும் கேள்விகளுள் சிலவற்றுக்கு மருத்துவ நூல்களில் விடை இல்லை. கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து வரும் நோயாளிகளும் உடனிருப்போரும் ஏதேனும் ஒரு நாளில் எங்களிடம் கேட்கும் கேள்வி அத்தகையது. “டாக்டர், நாங்கள் உபவாசமிருந்து ஜெபித்தோம். சபையாரும் ஜெபித்தார்கள். ஆனாலும் ஏன் குணமாகவில்லை? எங்கள் விசுவாசம் போதவில்லையா?”

வன்னியம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் நகரங்களிலிருந்தும் வருகிறவர்கள் இக்கேள்வியைப் பெரும்பாலும் வராந்தாவில், தாழ்ந்த குரலில், நோயாளியின் காதில் விழாதபடி கேட்கிறார்கள். சில வேளைகளில் நோயாளியே, உறவினர் வெளியே சென்ற பிறகு கேட்கிறார். நாங்கள் போதகர்கள் அல்லர். எனினும் நோயும் ஜெபமும் ஒரே கட்டிலருகில் சந்திக்கும் இடத்தில் நாள்தோறும் நிற்பவர்கள் என்ற முறையில், இதைப் பற்றி எங்களுக்கு விளங்கியவற்றை இங்கே எழுதுகிறோம். பிற சமயத்தவரும் இதைப் படிக்கலாம். ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரின் அருகில் வாழும் நமக்குச் சரணாகதி என்னும் சொல் அயலானதன்று.

கெத்செமனேயில் கேட்கப்பட்டது

கிறிஸ்தவ ஜெபத்தில் ‘உமது சித்தம் ஆகட்டும்’ என்பது மிகப் பழகிய சொல். பழகியதாலேயே அதன் பொருள் தேய்ந்துவிட்டது. ‘இனி ஒன்றும் கேட்க வேண்டாம், நடப்பது நடக்கட்டும்’ என்ற மனச்சோர்வுக்கு அது பலரிடத்தில் மறுபெயராகிவிட்டது. ஆனால் அச்சொல் பிறந்த இடத்தைப் பார்த்தால் செய்தி வேறாக இருக்கிறது.

எருசலேமுக்குக் கிழக்கே ஒலிவ மலையின் அடிவாரத்தில் இருந்த தோட்டம் கெத்செமனே. அப்பெயருக்கு எண்ணெய்ச் செக்கு என்பது பொருள். சிலுவைக்கு முந்தின இரவில் இயேசு அங்கே ஜெபித்ததை மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று சுவிசேஷங்களும் கூறுகின்றன. அவர் முதலில் செய்தது கேட்டதுதான். தமக்கு முன்னிருந்த துன்பத்தின் பாத்திரம் நீங்கவேண்டும் என்று நேரடியாகக் கேட்டார். கேட்ட பிறகே தம் விருப்பத்தைப் பிதாவின் விருப்பத்துக்குக் கீழே வைத்தார். அதையும் ஒருமுறை சொல்லி முடித்துவிடவில்லை. மூன்று முறை போய் ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். தம் சீடர்கள் கண்விழித்துத் தம்மோடு இருக்கவேண்டும் என்றும் விரும்பினார். மரபின்படி மருத்துவராகக் கருதப்படும் லூக்கா, அவ்வேளையில் அவருடைய வியர்வை இரத்தத் துளிகளைப்போல் விழுந்ததையும் குறித்துவைத்திருக்கிறார்.

ஆகவே அச்சம், வியர்வை, தனிமையின் வேதனை, ‘இது வேண்டாம்’ என்ற வெளிப்படையான வேண்டுதல் ஆகிய எதுவும் விசுவாசக் குறைவு அன்று. அறுவைச் சிகிச்சைக்கு முந்தின இரவில் உறங்க முடியாமல் புரளும் நோயாளி, தம் பயத்தைக் குறித்து வெட்கப்பட வேண்டியதில்லை.

விடை எப்படி வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. பாத்திரம் நீங்கவில்லை. ஆனால் வானதூதன் ஒருவன் தோன்றி அவரைப் பலப்படுத்தினான் என்கிறார் லூக்கா. பல ஆண்டுகளுக்குப்பின் எழுதப்பட்ட எபிரெயர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம், அவர் கண்ணீரோடு செய்த வேண்டுதல்கள் கேட்கப்பட்டன என்றே கூறுகிறது. கேட்டது கிடைக்காதபோதும் ஜெபம் கேட்கப்பட்டிருக்கலாம் என்னும் இந்தப் புரிதல் கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுவில் இருக்கிறது. தோட்டத்தில் நடுங்கியவராக நுழைந்தவர், எழுந்தபோது தம்மைப் பிடிக்க வந்தவர்களை நோக்கி நேராக நடந்தார்.

டோனாவூரில் இரண்டு நோயாளிகள்

நம் ஊர்களுக்கு மேற்கே தெரியும் அதே மலைத்தொடரின் அடிவாரத்தில், தெற்கே திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காட்டை அடுத்து இருக்கிறது டோனாவூர். அயர்லாந்தில் 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். 1901 முதல் டோனாவூரில் தங்கி, ஆதரவற்ற பெண் குழந்தைகளையும் ஆபத்தில் இருந்த பிள்ளைகளையும் வளர்த்தார். தாய்நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பாமல் 1951 வரை இங்கேயே வாழ்ந்தார். பிள்ளைகள் அவரை ‘அம்மா’ என்றே அழைத்தார்கள்.

அவர் சிறுமியாக இருந்தபோது, தம் பழுப்புக் கண்களை நீலமாக்கும்படி ஓர் இரவில் ஜெபித்துவிட்டு, காலையில் கண்ணாடியில் அதே பழுப்புக் கண்களைக் கண்டு ஏமாந்தார் என்ற கதையை ஞாயிறு பள்ளிகளில் பலர் கேட்டிருப்போம். சேலை உடுத்தித் தமிழ்ப் பெண்களோடு நடமாடிய காலத்தில் அந்தப் பழுப்புக் கண்களே அவருக்கு உதவின என்று கதை இனிமையாக முடியும். ஆனால் கட்டிலில் கிடக்கும் ஒருவருக்கு அக்கதை போதாது. பின்னாளில் நன்மை புலப்பட்டுவிடும் கதைகளைச் சொல்வது எளிது. அவருடைய வாழ்விலேயே அப்படி இனிமையாக முடியாத இரண்டு ஜெபங்கள் உண்டு.

முதலாவது பொன்னம்மாளுக்காகச் செய்யப்பட்டது. இளம் வயதிலேயே கணவரை இழந்த பொன்னம்மாள், ஏமி கார்மைக்கேலின் மிக நெருங்கிய தமிழ்ச் சகப் பணியாளர். டோனாவூரில் மருத்துவ வசதி இல்லாத தொடக்க ஆண்டுகளில், நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் அருகில் கைக்குழந்தைகளுக்கென அமைக்கப்பட்ட இல்லத்தை அவரே பொறுப்பேற்று நடத்தினார். 1913-இல் அவருக்குப் புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. நோய் திரும்பியது. யாக்கோபு நிருபம் கூறும் முறைப்படி அவருக்கு எண்ணெய் பூசி, கட்டிலின்மேல் வெற்றியின் அடையாளமாகக் குருத்தோலை வைத்து ஜெபித்தார்கள். அதன் பிறகு நோய் தணியவில்லை. வலி கூடியது. 1915-இல் பொன்னம்மாள் காலமானார். அவருடைய வரலாற்றை நூலாக எழுதிய ஏமி கார்மைக்கேல், இந்தக் குருத்தோலையையும் அதன்பின் வந்த நாள்களையும் மறைக்காமல் எழுதினார். அவர்களுடைய விசுவாசம் குறைவானது என்று யார் துணிந்து சொல்லக்கூடும்?

இரண்டாவது அவருக்காகவே செய்யப்பட்டது. 1931 அக்டோபர் 24 அன்று, மருத்துவப் பணிக்காக ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கக் களக்காட்டுக்குச் சென்றவர், மாலை மங்கலில் புதிதாக வெட்டப்பட்டிருந்த குழியில் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது. அப்போது அவருக்கு வயது 63. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். முறிவோடு நரம்பு வலியும் மூட்டு நோயும் சேர்ந்துகொண்டன. நீடித்த படுக்கை வயதானவர்களின் தசைகளையும் எலும்புகளையும் எவ்வளவு விரைவில் மெலியச் செய்யும் என்பதை இன்று நன்கு அறிவோம். அதனாலேயே எலும்பு முறிவுக்குப்பின் நோயாளிகளைக் கூடுமானவரை விரைவில் எழுப்பி நடக்கவைக்கிறோம். அன்று அந்த வழக்கம் இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே அவர் வாழ்ந்தார். டோனாவூர்ப் பிள்ளைகள் அனைவரும் அவருடைய சுகத்துக்காக ஜெபித்தார்கள். அவர் எழுந்து பழையபடி நடமாடும் நாள் வரவில்லை.

அந்த அறையிலிருந்து அவர் எழுதிய நூல்களுள் ஒன்று 1933-இல் வெளிவந்த ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’. முட்செடியில் பூத்த ரோஜா என்பது அதன் பொருள். நோயாளி ஒருவர் பிற நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்களாகவே அது அமைந்தது. நோயுற்றோரைத் தேற்றுவதற்காக அச்சிடப்பட்ட பிரசுரங்கள் பலவும் நலமாக இருப்பவர்களால் எழுதப்பட்டவை, ஆதலால் வலியில் கிடப்பவரை அவை சென்று சேர்வதில்லை என்பதைத் தம் கட்டிலிலிருந்து அவர் உணர்ந்தார். அதுவே அந்த நூலுக்குக் காரணம். அவருடைய கல்லறையின்மேல் பெயர்க்கல் இல்லை. பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றும், அதில் ‘அம்மா’ என்ற சொல்லுமே இருக்கின்றன.

வேலூரில் ஒரு மருத்துவர்

எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவரையும் இங்கே நினைவுகூர வேண்டும். கேரளத்தில் 1925-இல் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 1954-இல் அவர் சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் காயங்கள், முதுகுத் தண்டுவடத்தில் பாதிப்பு. இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் போயின. கால்கள் திரும்பக் கிடைக்கும்படி அவரும் மற்றவர்களும் ஜெபித்தார்கள். கால்கள் கிடைக்கவில்லை.

தொழுநோயாளிகளின் சிதைந்த கைகளை அறுவைச் சிகிச்சையால் சீர்செய்துகொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட் அப்போது வேலூரில் பணியாற்றினார். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். ஆகவே மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவைச் சிகிச்சை செய்யப் பழகினார். தம்மைப் போலவே இயக்கம் இழந்தவர்களுக்கு வாழ்வைத் திரும்ப அமைத்துத்தரும் மருத்துவத் துறையில் அயல்நாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் அவர் தலைமையில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் தொடங்கியது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இதனால் விபத்து நல்லது என்று சொல்ல வரவில்லை. தண்டுவடம் முறிந்த ஒவ்வொருவரும் பெரிய நிறுவனத்தைக் கட்டியாக வேண்டும் என்றும் இல்லை. ‘நடக்கும் கால்கள் வேண்டும்’ என்ற ஜெபத்தை அவர் கேட்டுவிட்டுத்தான் ஒப்படைத்தார். ஒப்படைத்த பிறகும் சும்மா இருக்கவில்லை. கையில் எஞ்சியதை எடுத்துக்கொண்டு அடுத்த நாளின் வேலைக்குப் போனார். இந்த வரிசையே நமக்கு முக்கியம்.

சித்தமும் சிகிச்சையும்

‘கடவுளிடம் ஒப்படைத்துவிட்டோம், இனி மாத்திரை எதற்கு?’ என்று சிலர் கேட்கிறார்கள். இங்கே நாங்கள் மருத்துவராகவே பேசவேண்டியிருக்கிறது.

யூதாவின் அரசன் எசேக்கியா மரண நோயில் அழுது ஜெபித்ததையும், அவனுக்குப் பதினைந்து ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்பட்டதையும் இரண்டாம் இராஜாக்கள் நூலின் 20-ஆம் அதிகாரம் கூறுகிறது. ஜெபம் கேட்கப்பட்டது என்ற செய்தியைக் கொண்டுவந்த அதே ஏசாயா, அத்திப்பழப் பற்றைக் கட்டியின்மேல் வைக்கவும் சொன்னார். தீர்க்கதரிசி மருந்தை விலக்கவில்லை. பவுல், அடிக்கடி உடல்நலம் குன்றிய தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்கென அக்காலத்து மருந்தைப் பரிந்துரைக்கிறார். தம் உடன்பணியாளர் துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்து நகரில் விட்டுவந்ததாக எழுதுகிறார். தம் உடலில் இருந்த முள் நீங்கும்படி பவுலே மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை. இவர்களுள் எவரையும் வேதாகமம் விசுவாசக் குறைவுக்காகக் கடிந்துகொள்ளவில்லை.

நம் பகுதியில் எல்லோரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி பல ஊர் மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. அத்துணி புண்ணை ஆற்றுவதில்லை. புண் உள்ளிருந்து தானாக ஆறுகிறது, அந்த ஆற்றலை எந்த மருத்துவரும் உண்டாக்க முடியாது. ஆயினும் கட்டுப் போடாமல் விட்ட புண்ணில் தூசியும் கிருமியும் சேரும். துணியைக் கட்டுவது நம் கடமை. ஆறுதல் நம் கையில் இல்லை. இரண்டையும் ஒருவரே ஒரே மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லவேண்டும். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதத்திலேயே இருமலும் காய்ச்சலும் நின்று சுகம் கிடைத்ததுபோல் தோன்றும். அப்போது நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோயாக அது திரும்பலாம். வலிப்பு மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வரக்கூடும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்துவது சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து. இவற்றை நிறுத்துவது விசுவாசத்தின் சான்று ஆகாது. சுகம் கிடைத்தது என்று நம்புகிறவர் எங்களிடம் வந்து பரிசோதித்துக்கொள்ளட்டும். உண்மையான சுகம் பரிசோதனைக்கு அஞ்சுவதில்லை.

உபவாச ஜெபம் இருக்க விரும்புவோர் முன்கூட்டியே எங்களிடம் தெரிவிக்க வேண்டுகிறோம். இன்சுலின் போடுவோரும், சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை உண்போரும் உணவைத் தவிர்த்தால் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் தோன்றினால் உடனே சர்க்கரை கலந்த நீரையோ குளுக்கோஸையோ பருக வேண்டும். அதனால் உபவாசம் கெட்டுவிட்டது என்று வருந்த வேண்டாம். கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயாளிகளும் உபவாசத்துக்குப் பதிலாக வேறொரு வழியைத் தங்கள் போதகரோடு கலந்துகொள்ளலாம். ஜெப எண்ணெயைத் தையல் போட்ட இடத்திலும் திறந்த புண்ணிலும் பூசாமல் நெற்றியில் பூசினால் போதும். அறுவைச் சிகிச்சைக்கு முன் வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாத நேரத்தில், ஜெபித்த தண்ணீரோ இராப்போஜன அப்பமோ கொடுக்குமுன் செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தையின் காய்ச்சலை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டிவிட்டு, மார்பில் கண்ட கட்டியை ஓராண்டு மறைத்துவிட்டு, பின்பு எல்லாவற்றையும் ‘தேவ சித்தம்’ என்று சொல்வது கெத்செமனே ஜெபம் ஆகாது. அது விதி என்னும் பழைய சொல்லுக்குப் புதுச் சட்டை மாட்டுவதாகும். விதிக்கு முகம் இல்லை, அதனிடம் எவரும் மன்றாடுவதும் இல்லை. கிறிஸ்தவர் சொல்லும் சித்தமோ தந்தை ஒருவருடையது. அவரிடம் கேட்கலாம், அழலாம், வாதாடலாம். தம் பங்கைச் செய்துவிட்டுக் காத்திருக்கவும் செய்யலாம்.

காணவருவோர் கவனத்துக்கு

நோயாளியைக் காணவருவோர் அன்பினால்தான் வருகிறார்கள். ஆயினும் அவர்கள் சொல்லிச் செல்லும் சில வார்த்தைகள் இரவெல்லாம் நோயாளியின் தூக்கத்தைக் கெடுப்பதை நாங்கள் காலைச் சுற்றில் காண்கிறோம். ‘வீட்டில் ஏதாவது பாவம் இருக்கிறதா என்று பாருங்கள்’ என்பது ஒன்று. ‘இன்னும் விசுவாசமாக ஜெபித்திருந்தால்’ என்பது மற்றொன்று. குழந்தையை இழந்த தாயிடம் முதல் நாளிலேயே ‘கடவுளுடைய சித்தம், அழாதேம்மா’ என்பது மூன்றாவது.

‘உமது சித்தம்’ என்பது துன்பப்படுகிறவர் தமக்காகத் தாமே, தமக்குரிய வேளையில் சொல்லவேண்டிய சொல். கட்டிலருகில் நிற்பவர் அதை அவருக்குப் பதிலாகச் சொல்ல இயலாது. சொன்னால் அது தீர்ப்பாகிவிடும். கெத்செமனேயில் சீடர்களிடம் விளக்கம் கேட்கப்படவில்லை. விழித்திருங்கள் என்றே கேட்கப்பட்டது. காணவருவோரும் அதையே செய்யலாம். சிறிது நேரம் உடனிருந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். இரவு துணைக்குப் படுக்கும் அக்காவையோ அண்ணனையோ ஒருநாள் வீட்டுக்கு அனுப்பி உறங்கச் செய்யுங்கள். ஜெபிப்பதானால் சுருக்கமாக, நோயாளி எதைக் கேட்க விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டு ஜெபியுங்கள்.

குணம் இனி இல்லை என்னும் நிலையில்

நோயைக் குணமாக்க இனி வழியில்லை என்று நாங்கள் சொல்லவேண்டிய நாளும் வருகிறது. அப்போது சில குடும்பங்கள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. ‘அவநம்பிக்கையாகப் பேசாதீர்கள்’ என்று எங்களையும் நோயாளியையும் வாய்திறக்க விடுவதில்லை. அல்லது, ‘இனி என்ன இருக்கிறது’ என்று வலி மருந்தைக்கூட நிறுத்திவிட்டு வீட்டுக்கு அழைத்துச் செல்கின்றன. இரண்டிலும் தனித்துவிடப்படுகிறவர் நோயாளியே.

குணமாக்க முடியாத நோய்க்கும் சிகிச்சை உண்டு. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரையை முறையான அளவில், வேளை தவறாமல் கொடுத்தால் பெரும்பாலோருக்கு வலி அடங்குகிறது. அது ஆயுளைக் குறைப்பதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து சேர்த்தே தருகிறோம். மூச்சுத்திணறல், குமட்டல், படுக்கைப் புண், உறக்கமின்மை ஆகிய ஒவ்வொன்றுக்கும் செய்யக்கூடியது உண்டு. பொன்னம்மாள் காலத்தில் இவ்வசதிகளில் பல இல்லை. இன்று அவை இருக்கும்போது ஒருவர் வலியைச் சகித்தே ஆகவேண்டும் என்று எந்த விசுவாசமும் கேட்கவில்லை.

நோயாளி தம் நிலையை அறிய விரும்பினால், அவருக்கு உண்மையை மென்மையாகச் சொல்வது அவநம்பிக்கை ஆகாது. உண்மை தெரிந்தவரால்தான் எதைக் கேட்பது, எதை ஒப்படைப்பது என்று தீர்மானிக்க முடியும். மகளின் திருமணத்தைப் பற்றிப் பேசுவது, பிரிந்திருந்த தம்பியை அழைத்துச் சமாதானமாவது, பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்வது, கடைசியாக ஒருமுறை ஆலயத்துக்குப் போய்வருவது போன்றவற்றுக்கு நேரம் வேண்டும். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்ற பொய் அந்த நேரத்தைப் பறித்துவிடும்.

இழப்புக்குப் பின் வரும் நாள்களுக்கும் வேதாகமத்தில் ஒரு துணை உண்டு. தாவீது அரசன் தன் குழந்தை நோயுற்றிருந்த ஏழு நாள்களும் உண்ணாமல் தரையில் கிடந்து மன்றாடினான். குழந்தை இறந்தது என்று அறிந்ததும் எழுந்து, குளித்து, ஆலயம் சென்று வணங்கி, வீட்டுக்கு வந்து உணவு கேட்டான். வேலைக்காரர்களுக்கு அது புரியவில்லை. கேட்கவேண்டிய காலத்தில் முழு மனத்தோடு கேட்டவனால்தான் அப்படி எழ முடிந்தது. அதன் பிறகு அவன் தன் மனைவியைத் தேற்றச் சென்றான் என்றும் அந்த வரலாறு சொல்கிறது. எழுவதற்கு எல்லோருக்கும் ஒரே அளவு நாள் ஆவதில்லை. எழ முடியாமல் மாதக்கணக்கில் உணவும் உறக்கமும் இன்றி இருப்பவர்கள் எங்களிடம் வரவேண்டும். அதுவும் சிகிச்சைக்கு உரியதே.

ஜெபிக்க விரும்புவோருக்கு

எப்படி ஜெபிப்பது என்று போதகர்களே சொல்லவேண்டும். கட்டிலருகே நின்று கவனித்தவர்களாக நாங்கள் சொல்லக்கூடியது சிறிது உண்டு. வேண்டியதை அதன் பெயரைச் சொல்லியே கேளுங்கள். கட்டி கரையவேண்டும், சிறுநீரகம் இயங்கவேண்டும், பிள்ளை கண் விழிக்கவேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. அதோடு, நோய் எப்படிப் போனாலும் வேண்டியிருப்பவற்றையும் கேளுங்கள். இன்றிரவு உறக்கம், நாளைக்குத் தைரியம், பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ மகனுக்கோ பொறுமை, சிகிச்சை தரும் எங்களுக்குத் தெளிவு. எங்களுக்கும் அது தேவைப்படுகிறது. பேரம் பேச வேண்டாம். ‘சுகம் தந்தால் இதைச் செய்வேன்’ என்ற வாக்கு, சுகம் வராதபோது குற்றவுணர்ச்சியாகத் திரும்பிவருகிறது. பிறகு முடிவைக் கைவிட்டு ஒப்படையுங்கள். இன்று ஒப்படைத்ததை நாளை காலை திரும்ப எடுத்துக் கையில் வைத்திருப்பீர்கள். மறுபடியும் ஒப்படையுங்கள். கெத்செமனேயிலும் அது மூன்று முறை நடந்தது.

ஒப்படைத்தவருக்கு நோய் குறைந்துவிடும் என்று எங்களால் உறுதி தர முடியாது. ஆனால் ஒரு சுமை குறைவதை நாங்கள் பலரிடத்தில் பார்க்கிறோம். தம் ஜெபத்தின் பலத்தால் கடவுளை வளைத்தாக வேண்டும், தவறினால் பழி தம்மையே சேரும் என்று எண்ணிக்கொண்டிருந்த தாயோ மகனோ அந்தப் பாரத்தை இறக்கிவைக்கிறார்கள். இறக்கிவைத்தபின் அவர்களால் சாப்பிட முடிகிறது. நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறது. சிகிச்சையைப் பற்றிய முடிவுகளையும் பதற்றமின்றி எடுக்க முடிகிறது.

எனவே ‘எங்கள் விசுவாசம் போதவில்லையா?’ என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். நீங்கள் கேட்டது சரி. அழுதது சரி. கேட்டது கிடைக்காதது உங்கள் குற்றம் அன்று. மருந்து வேளைக்குக் கொடுங்கள். இரவு மருந்தைக் கொடுத்த பிறகு அவருடைய அருகில் சிறிது நேரம் உட்கார்ந்திருங்கள். ஐயம் இருந்தால் எந்த வேளையிலும் செவிலியரை அழையுங்கள். நாங்களும் அருகில்தான் இருக்கிறோம்.